பஞ்சு அடைத்த அரங்கு வீடு

சிவனாண்டியை மெதுவாகப் பேசச் சொல்வதும் என் தையல் மெஷினைச் சத்தம் போடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். "டெய்லர் அண்ணாச்சி, ஒரு பொத்தான் வச்சுத் தாங்க" என்று என் கடை வாசலில் நின்று கேட்டான் என்றால் அடுத்த தெருவில் போகிறவனும் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வான். ஆள் என்னவோ பரம சாது. எதிர் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவன், ஒரு கோழியைக்கூட அதட்டி நான் பார்த்ததில்லை.

அந்தக் குரலுக்குக் காரணம் அவன் பார்த்த வேலை. அப்போது தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரக் கடலிலேயே நின்றுவிடும். சரக்குத் தோணிகளை அங்கே இழுத்துக்கொண்டு போய்வர லாஞ்சுகள் உண்டு. அந்த லாஞ்சுகளின் பாய்லருக்குள் உப்பு பொருக்குப் பொருக்காகப் படிந்துவிடும். ஒரு ஆள் உடம்பை ஒடுக்கி நுழைகிற அளவு ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, சுத்தியலால் அடித்து அடித்து அதைப் பெயர்க்க வேண்டும். பட்டறைக்கு வெளியே நிற்கிற எனக்கே பல் கூசும். சிவனாண்டி மீசை முளைக்கும் முன்பே அதற்குள் இறங்கியவன். திருச்செந்தூர் பக்கம் ஒரு பனங்காட்டு ஊரிலிருந்து, அப்பா தவறிய பிறகு, அம்மா முத்துக்கனியம்மாளோடு இங்கே வந்து சேர்ந்தான்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாடகக் கம்பெனி இங்கே வந்து கொட்டகை போட்டது. மைக் கிடையாது. ராஜகுமாரி வேஷம் கட்டிய சங்கரம்மாள் ஐந்து கட்டைச் சுதியில் எடுத்தாள் என்றால் கொட்டகைக்கு வெளியே கடலை வறுக்கிறவன் கரண்டியை நிறுத்திவிடுவான். மற்றவர்கள் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிற உயரம் அது. அவள் அங்கேயே குடியிருந்தாள். சிவனாண்டி தினமும் தரை டிக்கெட்டில் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். மறுநாள் என் கடையில் வந்து, அவள் எந்த இடத்தில் மூச்சு விட்டாள் என்பது வரைக்கும் சொல்லுவான்.

துறைமுகப் பட்டணம் என்று ராத்திரி விளக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. நாடகம் நின்றது, கம்பெனி படுத்துவிட்டது. முதலாளி ஆர்மோனியத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார். அவளுக்குப் போக ஊரில்லை. சிவனாண்டி நேரே போய், கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். அவன் கேட்ட சத்தத்தில் கொட்டகை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முத்துக்கனியம்மாள் லேசில் மசியவில்லை. அந்த அம்மாளுக்கு ஆண்குரல். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் என் கடைக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஏலே, அவ சோறு பொங்கட்டும், புள்ள பெறட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ பாட்டு நம்ம தெருவுல கேக்கப்படாது. கூத்தாடி வீடுன்னு ஒருத்தன் சொல்லிட்டாம்னா நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்."

கற்பூரம் ஏற்றினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அவ பாட்டு தெருவுல கேக்காதும்மா" என்று சிவனாண்டி சத்தியம் செய்தான். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், எங்களுக்குக் கற்பூரச் சத்தியம் கிடையாது. ஆனால் அவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. மீறினால் வீட்டில் ஒரு உயிருக்குக் கேடு என்று நம்புகிறவர்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை. சங்கரம்மாள் மீன் கழுவினாள், மாவு இடித்தாள், மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி என்று முத்துக்கனியம்மாளே என் மனைவியிடம் சொன்னார். ஒருநாள் சிவனாண்டி வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறான். அவள் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து துருத்தியை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாளாம். கட்டையில் விரல் வைக்கவில்லை. வெறும் காற்று மட்டும் உஸ் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்ததாம். அவனைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டு, "எலி கடிச்சிரும்னு பாத்தேன்" என்றாளாம். இதை அவன் என்னிடம் வந்து சொன்னான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, நான் சத்தியம் பண்ணுனது தெருவுக்குத்தானே? வீட்டுக்குள்ள பாடக்கூடாதுன்னு பண்ணலையே?"

"வீட்டுக்குள்ள பாடுனா தெருவுல கேக்காதாலே?"

"கேக்காம அடச்சிருவோம்."

"சத்தத்த எப்படிலே அடைப்ப?"

"தெனமும் ஆவிய அடைக்கேன். சத்தத்த அடைக்க மாட்டனா?"

அவர்கள் வீட்டில் சாமான் போட்டு வைக்கிற உள்ளறை ஒன்று உண்டு. அரங்கு வீடு என்போம், ஜன்னல் கிடையாது. அதைப் பாட்டு அறையாக்குவது என்று முடிவாயிற்று. சுவருக்குக் கனமாக எதையாவது போர்த்த வேண்டும். துணிக்கோ ரேஷன். வேட்டி வாங்கவே வரிசையில் நிற்கிற காலத்தில் சுவருக்கு யார் துணி கொடுப்பார்கள்? சிவனாண்டி உப்பளத்திலிருந்து பழைய சாக்குகளைச் சுமந்துகொண்டு வந்தான். நான் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். என் மெஷின் ஊசி எத்தனை ஒடிந்தது என்பதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வெயில் காலம் வரைக்கும் ஒரு குறையுமில்லை. ஐப்பசியில் கொண்டல் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வீசத் தொடங்கியதும் சாக்கிலிருந்த உப்பு அவ்வளவு ஈரத்தையும் இழுத்துக்கொண்டது. சுவரெல்லாம் வியர்த்து வடிந்தது. ஆர்மோனியக் கட்டைகள் ஊறிப் போய், அமுக்கினால் எழும்பவில்லை. உப்பைச் சுத்தியலால் அடித்து ஜீவனம் பண்ணுகிறவனுக்கு உப்புச் சாக்கு என்ன செய்யும் என்று தோன்றவில்லை. உப்பு ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தோம். சங்கரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தாற்போல் பஞ்சுக்கு வந்தோம். பருத்தி அரவை மில்லில் தூசியும் விதையுமாகக் கழித்துப் போடுகிற பஞ்சை வாங்கி வெயிலில் உலர்த்தி, மாவுச் சாக்குகளில் அடைத்து, மெத்தை மெத்தையாகத் தைத்துச் சுவரிலும் மச்சிலும் அறைந்தோம். கதவு இரட்டைக் கதவு. தோணிப் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் தார் தோய்த்த நாரைத் திணித்து அடிப்பார்களே, அந்தக் கலப்பத்து வேலையைக் கதவு இடுக்கெல்லாம் செய்தான். மூச்சு விடக் காற்று வேண்டுமே என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பலகைகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, தேங்காய் நாரை மெழுகினமாதிரி ஒட்டி மச்சில் பொருத்தினான்.

"காத்து வளஞ்சு வளஞ்சு வந்துரும். சத்தத்துக்கு அந்தப் பொறுமை கெடையாது அண்ணாச்சி" என்றான்.

முத்துக்கனியம்மாள் வாசல் நடையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாள் பேசாமலிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலையிலிருந்து வந்து குளித்ததும் சிவனாண்டி பரீட்சை வைப்பான். அவளை உள்ளே விட்டு இரண்டு கதவையும் சாத்திவிட்டு, தெருவுக்கு வந்து என் கடைப் பக்கத்தில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். கையைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, காதைக் கொடுத்துக் கேட்பான். "கேக்குதே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஓடுவான். இன்னொரு மெத்தை ஏறும். மறுபடியும் நிற்பான். "கொசு மாதிரி கேக்குது." மறுபடியும் ஓடுவான். அவள் பாட்டைக் கேட்கத்தான் அவளைக் கட்டினான். கட்டின பிறகு அது கேட்காமலிருக்க இவ்வளவு பாடு. இதை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஓட்டை உடைசல் லாஞ்சுகள் எல்லாம் ஒரே சமயத்தில் பட்டறைக்கு வந்து குவிந்தன. சிவனாண்டி விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பாய்லருக்குள்ளேயே கிடந்தான். பரீட்சை வைக்க நேரமில்லை. அந்த வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் பழையபடி வந்து நின்றான். உள்ளே அவள் பாடத் தொடங்கினாள்.

எனக்குக் கேட்டது. பஞ்சு சத்தத்தைக் குறைத்திருந்தது என்பது உண்மை, நிறுத்திவிடவில்லை. கொட்டகையின் கடைசி வரிசையைத் தொட்டுப் பழகிய குரல் மாவுச் சாக்குக்கா அடங்கும்? நல்ல பாட்டு அது. மெல்லிசாக, எங்கேயோ இருந்து வருகிற மாதிரி வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

சிவனாண்டி முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி! ஒங்களுக்குக் கேக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நடையிலிருந்து முத்துக்கனியம்மாள் முந்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலலே."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "எனக்கும் கேக்கல" என்றேன்.

அவன் உள்ளே போனதும் மெள்ள அவரிடம் போய், "என்ன பெரியம்மா இது?" என்றேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தீரா டெய்லரே? எத்தன நாளா மாடு மாதிரி ஒழைக்கான். தெருவுல கேக்கலன்னு தெருவே சொல்லிட்டுன்னா அப்புறம் கேக்கலன்னுதானே அர்த்தம்? பெறகு அந்தப் புள்ளயும்…" என்று இழுத்துவிட்டு, "நல்லாத்தான் பாடுதா, சண்டாளி" என்றார்.

பிறகு தெரு முழுக்க அப்படித்தான். திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் சரியாக அந்த நேரத்துக்குக் கூடையை இறக்கி வைத்து, கால் வலிக்கிறது என்பாள். சாக்கு வியாபாரி மக்தூம் சைக்கிளை நிறுத்தி, சங்கிலி கழன்றுவிட்டது என்று கழலாத சங்கிலியைத் தடவிக்கொண்டிருப்பார். யாரைக் கேட்டாலும் ஒன்றும் கேட்கவில்லை. சிவனாண்டியும் எங்களைப் போல நடிக்கிறான் என்றே நாங்கள் நினைத்தோம். தாயிடம் செய்த சத்தியத்துக்காகத் தெருவில் நின்று, கேட்டும் கேட்காத மாதிரி எவ்வளவு நன்றாக நடிக்கிறான் பயல் என்று மக்தூம் என்னிடம் மெச்சிக்கொண்டார். பெண்கள் பேசினால் அவன் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கவனித்திருந்தேன். பெண்டாட்டி பேசும்போது வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான், அவ்வளவு பிரியம் என்று என் மனைவி என்னைக் குத்திக் காட்டினாள்.

உள்ளே சங்கரம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் மனசுவிட்டுப் பாடினாள். ஆனால் நாளாக ஆக அவளுக்கு ஒரு குறை வந்துவிட்டது. "செவுத்துக்குப் பாடிக்கிட்டிருக்கேன். நீங்க ஒருநா உள்ள வந்து கேளுங்களேன்" என்று அவனை வற்புறுத்தியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் போய் உட்கார்ந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் சரியில்லை. அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. தெருவில் நிற்பதை மட்டும் விடவில்லை. ஆனால் அந்தப் பழைய சந்தோஷம் போய்விட்டது.

ஒருநாள் என்னிடம் கேட்டான்: "அண்ணாச்சி, பஞ்சு மனுசன் தொண்டையக் கெடுக்குமா?"

"மில்லுல வேலை பாக்கவனெல்லாம் ஊமையாவா அலையுதான்? போலே."

அவன் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுபடி கொண்டல் காற்றுக் காலம். ஒரு சாயங்காலம் பாட்டு நடுவில் நின்றது. புழுக்கம் தாளாமலோ என்னவோ, சங்கரம்மாள் கதவைத் திறந்துகொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். எதிரே புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்குக் குறும்பு வந்துவிட்டது. அவனைத் தூக்கிவாரிப் போட வைக்கலாம் என்று, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்து, வாசற்படியில் நின்று ஒரே ஒரு வரியை ஐந்து கட்டையில் முழுத் தொண்டையில் பாடினாள்.

மீன்காரி எழுந்து நின்றுவிட்டாள். முத்துக்கனியம்மாள் கையிலிருந்த பாக்குவெட்டி கீழே விழுந்தது. இதுவரைக்கும் கேட்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம். தெரு பார்க்க வாசலில் நின்று பாடினால் யார் என்ன சொல்ல முடியும்? நான் சிவனாண்டியைப் பார்த்தேன். அவன் காதிலிருந்து கவனத்தை எடுக்காமல் தலையை ஆட்டினான்.

"ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. சுத்தமா அடபட்டுட்டு."

அவன் நடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. இன்னும் உயரே போய் அதே வரியைப் பாடினாள். பாடும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. என் முகத்தைப் பார்த்த சிவனாண்டி, நான் பார்த்த திக்கில் திரும்பினான். திறந்திருந்த அவள் வாயைப் பார்த்தான்.

"பாடுதியா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "ஒங்களுக்குக் கேக்குதா?"

பாட்டு காதில் விழாதவனுக்கு என் பேச்சு விழுந்தது. பாய்லர் அவனிடமிருந்து உச்சத்துச் சத்தங்களை மட்டும் முதலில் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. எங்களைப் போன்ற தடித்த குரல்களை விட்டு வைத்திருக்கிறது. "கேக்குதுலே. தெனமும் கேட்டுது. நீயும் கேட்டுக்கிட்டு எங்கள மாதிரி நடிக்கேன்னுதான் நெனச்சோம்" என்றேன்.

"தெனமுமா?"

முத்துக்கனியம்மாள் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனமுந்தாம்லே. மொத நாள்லேருந்து. சத்தியம் கேட்டவ நான். எங்காது அறியத்தான் அவ பாடுனா. ஒரு கேடும் வராது. நீ பயப்படாத" என்று அவன் காதண்டையில் சொன்னார்.

அவன் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. சங்கரம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பம் ஒங் கொரலுக்கு ஒண்ணும் ஆவலையா, ஏளா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"அன்னைக்கு உள்ள வந்து ஒக்காந்தேம்லா. ஆர்மோனியம் முழங்குது, ஒங் கொரலு மட்டும் நூலு மாதிரி இருந்துச்சு. எம் பஞ்சுதான் ஒந் தொண்டையக் குடிச்சிட்டு, அருமையான கொரல நானே அழிச்சிட்டேன்னு… எங்காதா? எங் காதுதானா?"

அவன் சிரிக்கத் தொடங்கினான். இரண்டு காதையும் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டு, தெருவில் நின்று, கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்தான். காது போய்விட்டது என்று தெரிந்து ஒரு மனிதன் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கடைக்குள் போய்த் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். இனி ஒளிவு மறைவு இல்லை, வாசலிலேயே உட்கார்ந்து பாடுவாள் என்று நினைத்தேன். மீன்காரியும் கூடையை இறக்கி வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டையே விட்டுவிட்டாளா என்று முத்துக்கனியம்மாளிடம் கேட்டேன்.

"உள்ள போயிப் பாரும்" என்றார்.

அரங்கு வீட்டின் இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. சிவனாண்டி ஆர்மோனியத்தின் மேல் ஒரு பக்கக் காதைச் சாய்த்துக்கொண்டு, அவள் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு கட்டைச் சுதிக்கு இறங்கிப் பாடிக்கொண்டிருந்தாள். ஐந்து கட்டையில் குடியிருந்தவளுக்கு அந்தப் பள்ளத்தில் கால் பாவவே இல்லை. கரகரத்தது, ஆண்பிள்ளைக் குரலாகத் தடித்தது, அடியில் போய்க் காற்றாகி நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். நாடகக் கொட்டகையில் இப்படிப் பாடியிருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் சட்டென்று கண்ணைத் திறந்து, "இங்கனதான், இங்கனதான் மூச்சு விடுவ" என்றான்.

நான் அரவமில்லாமல் வெளியே வந்து மெஷினில் உட்கார்ந்தேன். தெருவுக்கு அதற்குப் பிறகு அவள் பாட்டு கேட்கவே இல்லை.